காணாமையும் இன்மையும்: ஒலி நிரல் ஒன்றின் கோப்புறைகளை முன்வைத்து

ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை என்பதை மனிதர் எவ்வாறு அறிகின்றனர் என்னும் வினா இந்தியத் தருக்க மரபில் நெடுங்காலம் வாதிக்கப்பட்டது. தரையில் குடம் இருப்பதைக் கண் காட்டுகிறது; ஆனால் குடம் இல்லாமையைக் காட்டுவது கண்ணா, கருத்தா, அல்லது இவ்விரண்டிலும் அடங்காத வேறோர் அளவையா என்று கேட்ட ஆசிரியர்கள் ஒத்த விடை எதையும் எட்டவில்லை. மீமாம்சகரான குமாரில பட்டர் காணப்படாமையே ஒரு தனி அளவை என்றும், இன்மையை அறிவிப்பது அதன் தொழில் என்றும் கொண்டார். அதே மரபைச் சேர்ந்த பிரபாகரர், இன்மை என்று தனிப்பொருள் எதுவும் இல்லை, வெறுந்தரையைக் காண்பதைத்தான் குடமின்மையைக் காண்பதாகச் சொல்கிறோம் என்று மறுத்தார். நையாயிகர்களோ இன்மையை ஒரு பொருளாக ஏற்றுக்கொண்டு, அதனை அறியத் தனி அளவை வேண்டாம், காணாமையின் துணைபெற்ற காட்சியே போதும் என்றனர். தமிழில் மணிமேகலை, சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் அளவைகளை எண்ணுமிடத்து அபாவத்தையும் சேர்த்தே எண்ணுகிறது. சிவஞான சித்தியாரின் அளவை இயல் அபாவத்தைப் பிறர் கொண்ட அளவைகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டு, காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அனைத்தையும் அடக்கிவிடுகிறது.

ஏட்டுச் சுவடியோடு முடிந்துபோனதாகத் தோன்றும் இவ்வாதம், கணினியில் இசையமைப்போர் தம் கோப்புறைகளை ஒழுங்குசெய்யும் மிகச் சாதாரணமான வேலையில் மீண்டும் உயிர் பெறுகிறது என்று சொன்னால் அது மிகையாகப் படலாம். ஆயினும் ப்யூர் டேட்டா என்னும் நிரல்மொழியின் நடைமுறையைச் சற்று நெருங்கிப் பார்த்தால், குடமும் தரையும் அங்கே வேறு பெயரில் இருப்பது தெரியும்.

ப்யூர் டேட்டா என்பது ஒலியை ஆக்குவதற்கும் மாற்றுவதற்குமான காட்சிவழி நிரல்மொழி. அதாவது, வரிவரியாகக் கட்டளைகளை எழுதாமல், திரையில் சிறு பெட்டிகளை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெயரை எழுதி, பெட்டிகளைக் கோடுகளால் இணைத்து நிரலை அமைக்கும் முறை. இவ்வாறு அமையும் நிரலுக்குப் பேட்ச் என்று பெயர். இம்முறையின் மூலவடிவம், பாரிஸிலுள்ள இர்காம் ஆய்வு நிறுவனத்தில் 1980களின் நடுவில் மில்லர் பக்கெட் எழுதத் தொடங்கிய மேக்ஸ். 1957இல் பெல் ஆய்வுக்கூடத்தில் மியூசிக் என்னும் ஒலியாக்க நிரலை எழுதிய மேக்ஸ் மேத்யூஸின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. பின்னர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்துக்குச் சென்ற பக்கெட், அங்கிருந்து 1996இல் ப்யூர் டேட்டாவை வெளியிட்டார். மேக்ஸ் இன்றும் வணிகப் பொருளாகத் தொடர்கிறது. ப்யூர் டேட்டா எவரும் எடுத்துத் திருத்தக்கூடிய திறந்த நிரலாக இருக்கிறது.

ப்யூர் டேட்டாவில் சேமித்த பேட்ச் ஒன்றைச் சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்தால், பெட்டிக்கு ஒரு வரி இருக்கும். பெட்டி திரையில் நிற்கும் இடத்தைச் சொல்லும் இரண்டு எண்கள், பிறகு பெட்டியின் பெயர், அதன் தொடக்க மதிப்பு என்பது அவ்வரியின் அமைப்பு: 120, 80, ஆஸ்க், 440 என்று இருந்தால், இடப்புறத்திலிருந்து 120 புள்ளியும் மேற்புறத்திலிருந்து 80 புள்ளியும் தள்ளி, நொடிக்கு 440 அதிர்வுகள் கொண்ட அலையை ஆக்கும் பெட்டி ஒன்று நிற்கிறது என்று பொருள். அந்த அலை எவ்வாறு ஆக்கப்படுகிறது என்பது அக்கோப்பில் எங்குமே இல்லை. பொருள்களைத் தன்னுள் வைத்திராமல், பெயர்களையும் பெயர்களுக்கிடையிலான உறவுகளையும் மட்டுமே கோப்பு வைத்திருக்கிறது. பெயருக்குரிய பொருளைத் தேடிக் கொணர்வது, திறக்கும் கணத்தில், திறக்கப்படும் கணினியில் நிகழும் செயல்.

தேடப்படும் பொருள்கள் மூவகைப்படும். நிரல்மொழிக்குள்ளேயே பிறந்தவை ஒருவகை. இசையமைப்பவரே தனிப் பேட்சாக எழுதிச் சேமித்து, அதன் கோப்புப்பெயரைப் பெட்டியில் இட்டு அழைப்பவை மற்றொரு வகை. இவற்றுக்கு அப்ஸ்ட்ராக்ஷன் என்று பெயர். மூன்றாம் வகை எக்ஸ்டர்னல். பிறர் சி போன்ற மொழிகளில் எழுதி, எந்திரமொழிக்கு மாற்றி, பல சேர்ந்து ஒரு நூலகமாக வழங்குவது. பெட்டியில் ஒரு பெயர் எழுதப்பட்டதும், அப்பெயர் ஏற்கெனவே நினைவகத்தில் உள்ளதா என்று பார்த்து, இல்லையெனில் பேட்ச் இருக்கும் கோப்புறை, அந்தப் பேட்ச் தானே அறிவித்துள்ள பாதைகள், பிறகு அந்தக் கணினிக்குரியவர் விருப்பத்தேர்வுகளில் பதிந்துவைத்த பாதைகள், நிரலோடு வரும் பொதுக் கோப்புறை என்று தேடல் விரிகிறது. வெர்போஸ் என்னும் தேர்வுடன் நிரலைத் தொடங்கினால், இன்ன கோப்புறையில் இன்ன கோப்பை முயன்றது, கிடைக்கவில்லை; அடுத்ததில் முயன்றது, கிடைக்கவில்லை என்று ஒவ்வோர் அடியும் செய்திச் சாளரத்தில் வரிசையாகப் பதிவாகும். காணாமை இவ்வளவு பொறுமையாக எழுதிவைக்கப்படும் இடம் வேறு எதுவும் எளிதில் நினைவுக்கு வருவதில்லை.

எங்கும் கிடைக்காதபோது நிகழ்வதுதான் இங்கு முதன்மையானது. உருவாக்க இயலவில்லை என்னும் செய்தி வருகிறது. பெட்டி மறைவதில்லை, அதன் விளிம்பு மட்டும் விட்டுவிட்ட கோடாக மாறுகிறது. இது பயனரிடம் காட்டும் பரிவு மட்டுமன்று. பேட்ச் கோப்பில் இணைப்புகள் பெயரால் குறிக்கப்படாமல் எண்ணால் குறிக்கப்படுகின்றன: மூன்றாவதாக எழுதப்பட்ட பெட்டியின் முதல் வெளிவாயிலிலிருந்து ஏழாவது பெட்டியின் முதல் உள்வாயிலுக்கு என்பதுபோல. ஆகவே கிடைக்காத பெட்டியை வரிசையிலிருந்து நீக்கிவிட்டால், அதற்குப் பின்வரும் ஒவ்வொரு பெட்டியின் எண்ணும் ஒன்று குறைந்து, இணைப்புகள் அனைத்தும் அயலான பெட்டிகளுக்குப் போய்விடும். இருப்பவை தத்தம் இடத்தில் நிற்க வேண்டுமானால், இல்லாததும் ஓர் எண்ணைப் பெற்றாக வேண்டும். அதுமட்டுமன்றி, அந்த வெற்றுப் பெட்டிக்குக் கோப்பில் இணைப்புகள் குறிக்கப்பட்டிருந்தால், ப்யூர் டேட்டா அதற்குத் தேவையான எண்ணிக்கையில் பொய் வாயில்களை உண்டாக்கி அந்தக் கோடுகளையும் வரைந்துவைக்கிறது. பின்னொருநாள் உரிய நூலகம் கிடைத்ததும் பேட்ச் பழையபடி இயங்குவது இதனால்தான்.

இன்மை வெறுந்தரையே என்ற பிரபாகரரின் நிலைப்பாட்டை இந்த அமைப்பு ஏற்பதாகத் தெரியவில்லை. வெறுந்தரைக்குப் பெயர் கிடையாது. ஆனால் இங்குள்ள இன்மைக்குப் பெயரும், வரிசை எண்ணும், இன்ன பெட்டிகளோடு இன்ன வழியில் சேர வேண்டும் என்ற உறவும் இருக்கின்றன. நையாயிகர் இன்மையைப் பற்றிச் சொன்னது ஏறக்குறைய இதுவே: இன்மை எப்போதும் ஏதோ ஒன்றின் இன்மை. எதன் இன்மையோ அதற்கு அவர்கள் பிரதியோகி, அதாவது எதிர்நிலைப்பொருள், என்று பெயரிட்டனர். எதில் இல்லையோ அதற்கு அநுயோகி என்று பெயர். குடமும் தரையும் இல்லாமல் குடமின்மை என்ற அறிவு எழாது. விட்டுவிட்ட விளிம்புடைய பெட்டியில் எழுதியிருக்கும் பெயர் பிரதியோகி, தேடப்பட்ட பாதைகள் அநுயோகி என்று கொண்டால் பொருத்தம் பெரும்பாலும் நிறைவாகவே அமைகிறது. எனினும் இதனைக் கொண்டு நையாயிகர் வென்றார் என்று முடிவுகட்டுவது அவசரம். ஏனெனில் பிரபாகரர் சார்பில் நின்று, அந்தப் பெட்டி இன்மை அன்று, இன்மைக்காக வைக்கப்பட்ட ஓர் இருப்பு என்று ஒருவர் வாதிக்க இடமுண்டு.

தேடப்பட்ட பாதைகளே அநுயோகி என்பதில் இன்னொரு செய்தி அடங்கியிருக்கிறது. நூலகம் அதே கணினியில், இரண்டு கோப்புறை தள்ளி, முழுதாக இருக்கக்கூடும். தேடலின் பாதை அதைத் தொடாததனால் உருவாக்க இயலவில்லை என்ற செய்தி வந்திருக்கும். புதிதாகக் கற்போரில் பலர் அச்செய்தியை உலகத்தைப் பற்றிய கூற்றாக எடுத்துக்கொண்டு, நூலகத்தை மீண்டும் மீண்டும் பதிவிறக்கி, ஒரே நூலகத்தின் வெவ்வேறு பதிப்புகளைக் கணினியெங்கும் நிரப்பிவிடுகின்றனர். உண்மையில் அது தேடலைப் பற்றிய கூற்று. காணாமை எப்போது இன்மைக்குச் சான்றாகும் என்பதில் மீமாம்சகர் கடுமையான வரையறை ஒன்றை வைத்தனர்: இருந்திருந்தால் காணப்பட்டிருக்கும் என்னும் தகுதி உள்ள இடத்தில்தான் காணாமை சான்றாகும். பகலொளியில் தரையைப் பார்த்தவர் குடம் இல்லை என்னலாம்; இருட்டறையில் பார்த்தவருக்கு அவ்வாறு சொல்ல உரிமையில்லை. பௌத்த தருக்கவாதியான தர்மகீர்த்தியும், காணத்தக்கது காணப்படாமையே இன்மைக்கு ஏது, காணத்தகாததன் காணாமை ஐயத்தையே தரும் என்று இதனை வலியுறுத்தினார். கோப்புறைகளை ஒழுங்குசெய்தல் என்று நடைமுறையில் சொல்லப்படுவது, இந்த நோக்கில், அறைக்கு விளக்கேற்றும் வேலை. இன்னின்ன இடங்களில் மட்டுமே பொருள்கள் இருக்கும் என்பது உறுதியானால்தான், அங்கே காணப்படாதது இல்லாதது என்று சொல்லும் உரிமை பிறக்கிறது.

தருக்க நூல்கள் இன்மையை நான்காகப் பகுக்கின்றன. தோன்றுவதற்கு முன்னுள்ள இன்மை, அழிந்தபின் உள்ள இன்மை, எக்காலத்தும் உள்ள இன்மை, இது அதுவன்று என்னும் ஒன்றினொன்றின்மை ஆகியவை அவை. இசையமைப்பவர் இனிமேல்தான் எழுதப்போகும் அப்ஸ்ட்ராக்ஷனின் பெயரை முன்கூட்டியே பெட்டியில் இட்டு, அதனை வெறுமையாக விட்டுவைப்பதுண்டு, அது முதல்வகை. இரண்டாம் வகைக்குத் துயரமான சான்று, பல நூலகங்களைச் சேர்த்துக் கட்டி, தொடங்கும்போதே அவற்றுள் பலவற்றைத் தானாக ஏற்றிவந்த பிடி-எக்ஸ்டெண்டட் என்னும் வழங்கல். 2013க்குப் பின் அது வளரவில்லை. அதில் பழகியோர், எந்த நூலகத்தின் எந்தப் பொருளைப் பயன்படுத்துகிறோம் என்று எழுதிவைக்க வேண்டிய தேவையே இல்லாதிருந்தனர். எல்லாம் எப்போதும் கையெட்டும் தொலைவில் இருந்தன. அந்த வழங்கல் நின்றபின், அவர்களுடைய பேட்சுகள் பக்கெட்டின் மூலப் பதிப்பில் திறக்கப்பட்டபோது, முழுத்திரையும் விட்டுவிட்ட விளிம்புகளாயிற்று. 2016இல் வந்த 0.47 பதிப்பு முதல், டெக்கன் என்னும் கருவி நூலகங்களை நிரலுக்குள்ளிருந்தே தேடி நிறுவ உதவுகிறது. ஆனால் தேடுவதற்கு நூலகத்தின் பெயர் தெரிய வேண்டும், அப்பெயரோ பழைய கோப்புகள் பலவற்றில் இல்லை.

இவ்வளவுக்கும் பின்னும், இன்மை தீங்குகளுள் சிறியது என்றே சொல்ல வேண்டும். அது தன்னை அறிவித்துவிடுகிறது. பெருந்தீங்கு நான்காம் வகையில், அதாவது இது அதுவன்று என்பது தெரியாமல் போவதில், இருக்கிறது. ஸ்கேல் என்னும் பெயரில், ஓர் எண் வரம்பிலுள்ள மதிப்பை வேறொரு வரம்புக்கு மாற்றும் பொருள் சைக்ளோன் நூலகத்தில் உண்டு. மேக்ஸ்லிப் நூலகத்திலும் அதே பெயரில், அதே போன்ற தொழிலுக்கு, ஒரு பொருள் உண்டு. இருவேறு கைகள் எழுதிய இவ்விரண்டும் எல்லா உள்ளீட்டுக்கும் ஒரே விடையைத் தரும் என்று எவரும் உறுதிகூறியதில்லை. பேட்சில் ஸ்கேல் என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த நூலகம் முதலில் கிடைக்கிறதோ அதன் பொருள் வந்து அமரும். பெட்டியின் விளிம்பு முழுக்கோடாக இருக்கும், ஒலியும் வரும், செய்திச் சாளரமும் அமைதியாக இருக்கும். இப்பியில் வெள்ளியைக் காணும் மயக்கத்தை விளக்கிய நையாயிகர், அங்கே காணப்படும் வெள்ளி பொய்ப்பொருள் அன்று, வேறோரிடத்தில் உண்மையாக உள்ள வெள்ளியே இங்கே உள்ளதாகத் தோன்றுகிறது என்றனர். இசையமைப்பவர் கருதிய ஸ்கேலும் பொய்யன்று. அது வேறொரு கோப்புறையில் உண்மையாகவே இருக்கிறது, இங்கே வந்து விடை சொன்னது மட்டும் வேறொன்று.

இந்த மயக்கத்தை இன்னும் ஆழமாக்குவது நினைவகத்தின் இயல்பு. ஒரு பேட்ச் ஏற்றிய நூலகம், நிரல் மூடப்படும்வரை, திறந்திருக்கும் எல்லாப் பேட்சுகளுக்கும் பொதுவாகிவிடுகிறது. முதற்பேட்ச் நூலகத்தை முறையாக அறிவித்திருக்க, இரண்டாம் பேட்ச் எதையும் அறிவிக்காமலே அதன் பொருள்களைப் பயன்படுத்தி ஒழுங்காக இயங்கலாம்; மறுநாள் இரண்டாவதை மட்டும் தனியே திறக்கும்போதுதான் குறை வெளிப்படும். முந்திய நாளின் வெற்றிக்குக் காரணம் எது என்று கேட்டால், பேட்சின் நேர்மையைக் காட்டிலும் திறந்த வரிசை என்பதே உண்மையான விடை. இன்னும், ஏற்கெனவே உள்ள பெயரைப் புதிதாக வந்த எக்ஸ்டர்னல் ஒன்று எடுத்துக்கொண்டால், பழையது வேறு பெயரிட்டு ஒதுக்கப்பட்டதாக ஓர் எச்சரிக்கை வரும். அவ்வெச்சரிக்கை பல செய்திகளுக்கு நடுவே ஒற்றை வரி. பயன் கிட்டியது என்பதனால் அறிவு உண்மையென்று நிறுவப்படும் என்ற நியாயக் கொள்கைக்கு இது சங்கடமான எடுத்துக்காட்டு: ஒலி வந்தது, ஆனால் வந்த ஒலி கருதப்பட்ட ஒலிதானா என்பது அதனால் நிறுவப்படவில்லை.

இம்மயக்கத்துக்கு மருந்து, பெயரை அதன் குடியோடு சேர்த்து எழுதுவது. மேக்ஸ்லிப் என்ற கோப்புறைப் பெயரையும் சாய்கோட்டையும் முன்னிட்டு ஸ்கேல் என்று எழுதினால், தேடல் அந்த நூலகத்துக்குள் மட்டுமே செல்லும். ஒரே வகுப்பில் இரண்டு முருகன்கள் இருக்கும்போது தந்தை பெயரின் முதலெழுத்து செய்யும் வேலையை அது செய்கிறது. இத்துடன், டிக்ளேர் என்னும் பெட்டியில், இந்தப் பேட்சுக்கு இன்ன பாதைகளும் இன்ன நூலகங்களும் வேண்டும் என்று பேட்சே எழுதிக்கொள்ள வழியுண்டு. அதில் இடப்படும் பாதை பேட்ச் இருக்கும் கோப்புறையிலிருந்து கணக்கிடப்படுவதால், திட்டத்தின் கோப்புறையை முழுதாக வேறு கணினிக்குப் பெயர்த்தாலும் உறவு கெடுவதில்லை. வட்டின் பெயரிலிருந்து தொடங்கும் முழுப்பாதையை எழுதியவருக்கோ, கணினியின் பயனர்பெயர் மாறினாலே எல்லாம் கெடும். இந்த அறிவிப்பு பேட்ச் திறக்கப்படும்போதுதான் செயற்படும் என்பதால், எழுதியபின் சேமித்து, மூடி, மறுபடி திறக்க வேண்டும். இச்சிறு நடைமுறையை அறியாமல் டிக்ளேர் வேலை செய்யவில்லை என்று கைவிட்டவர் பலர்.

விருப்பத்தேர்வுகளில் பாதைகளைப் பதிந்துவைப்பதும் இதே பயனைத் தருவதாகத் தோன்றும். ஆனால் அப்பதிவு பேட்சுக்குரியதன்று, கணினிக்குரியது. இன்னும் துல்லியமாகச் சொன்னால், அந்தக் கணினியில் ஆண்டுக்கணக்காகப் பழகியவரின் பழக்கத்துக்குரியது. வாசனை என்று வேதாந்திகளும் பௌத்தரும் சொல்லும் பழக்கப் பதிவைப்போல, அது தன்னை மறைத்துக்கொண்டு காட்சியை வடிவமைக்கிறது. அது செயற்படுவதை உடையவர் உணர்வதே இல்லை. படைப்பின் தேவையைப் படைப்பவரின் பழக்கத்தில் எழுதிவைப்பது வகைப்பிழை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

படைப்பு என்பது எது என்ற கேள்வியை இனித் தவிர்க்க இயலாது. 1968இல் வெளிவந்த லாங்குவேஜஸ் ஆஃப் ஆர்ட் என்னும் நூலில் நெல்சன் குட்மன், ஓவியத்தையும் இசையையும் இருவேறு வகைக் கலைகளாகப் பிரித்தார். ஓவியத்தில் மூலம் ஒன்றே, மற்றவை நகல்கள். இசையில் குறியீட்டுக்கு இணங்க நிகழ்ந்த ஒவ்வொரு நிகழ்வும் அந்தப் படைப்பே. பேட்ச் குறியீடு எனக் கொள்ளப்பட்டால், அதில் உள்ள பெயர்கள் எங்கும் எப்போதும் ஒரே பொருளைக் குறிக்க வேண்டும். ஆனால் அவை திறக்கும் கணினியைப் பொறுத்துப் பொருள் மாறுபவை. எனவே தனிப் பேட்ச் கோப்பு குட்மன் கருதிய குறியீடாகாது. பேட்சும், அதன் அப்ஸ்ட்ராக்ஷன்களும், அறிவித்த பாதைகளும், குறிப்பிட்ட பதிப்பு எண்ணுடைய நூலகங்களும் சேர்ந்த கோப்புறையே குறியீடாகும் தகுதியை ஓரளவு பெறுகிறது. பிலிப் மனூரி பியானோவுக்கும் கணினிக்குமாக 1988இல் அமைத்த ப்ளூட்டன், இர்காமில் உருவாக்கப்பட்ட 4எக்ஸ் என்னும் பெரிய ஒலிச்செயலியில் இயங்கியது. மேக்ஸ் முதன்முதலில் பயன்பட்ட படைப்பும் அதுதான். 4எக்ஸ் மறைந்து பல ஆண்டுகளாகிவிட்டன. பக்கெட் அப்படைப்பின் மின்னணுப் பகுதியைப் பிற்காலத்தில் ப்யூர் டேட்டாவில் மீண்டும் ஆக்கினார். ப்ளூட்டன் இன்றும் வாசிக்கப்படுகிறது. பொருள்கள் அனைத்தும் மாறியபின்னும் படைப்பு நின்றதென்றால், பெயர்கள் எதைக் கருதின என்பது எங்கோ தெளிவாக எழுதப்பட்டிருந்தது, அல்லது எழுதியவரே உயிரோடு இருந்து சொல்ல முடிந்தது என்பதால்தான். இரண்டாவது வழி எல்லாப் படைப்புக்கும் வாய்க்காது.

அப்படியானால் எல்லாவற்றையும் கோப்புறைக்குள் இட்டுவிடலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. மேக்ஸில் ஒரு பேட்சையும் அது சார்ந்த கோப்புகளையும் ஒன்றாகக் கட்டும் வழிகள் உண்டு. அப்ஸ்ட்ராக்ஷன்களைப் பொறுத்தவரை இது முற்றிலும் சரி. அவை எழுத்துக் கோப்புகள், சிறியவை, எந்த எந்திரத்திலும் படிக்கப்படுபவை, ஆகவே அவற்றைத் திட்டத்தின் கோப்புறையிலேயே வைத்துக்கொள்ளாமல் பொது இடத்தில் பகிர்ந்துவைப்பதற்குத் தக்க காரணம் அரிது. எக்ஸ்டர்னல்கள் அப்படியல்ல. அவை ஒரு குறிப்பிட்ட இயங்குதளத்துக்கும் சில்லுக்கும் உரிய எந்திரமொழியில் இருக்கின்றன. 2020இல் ஆப்பிள் தன் கணினிகளை எம்1 சில்லுக்கு மாற்றியபோது, இன்டெல் சில்லுக்காக ஆக்கப்பட்டிருந்த எக்ஸ்டர்னல்கள் புதிய சில்லுக்கென ஆக்கப்பட்ட ப்யூர் டேட்டாவில் ஏறவில்லை, மூலநிரலிலிருந்து மறுபடி ஆக்க வேண்டியதாயிற்று. அவை பத்திரமாகக் கோப்புறையில் இருந்தன, இருந்தும் பயன்படவில்லை. மூலநிரலைச் சேர்த்தால் அதனை மாற்றும் கருவி வேண்டும், அக்கருவிக்கு இயங்குதளம் வேண்டும், அதற்கு எந்திரம் வேண்டும் என்று இத்தொடர் முடிவின்றிப் போகும்; தருக்க நூலார் இதனை அநவஸ்தை என்பர்.

முடிவிலாத் தொடரை எங்கே நிறுத்துவது என்பதற்கு உதயணர் நியாயகுசுமாஞ்சலியில் தந்த விடை நடைமுறையைச் சார்ந்தது: ஐயம், ஐயுறுபவரின் செயலோடு முரணும் எல்லைவரைதான் செல்லும். நெருப்பு புகையை உண்டாக்குமா என்று ஐயுற்றவரே புகை வேண்டும்போது நெருப்பை மூட்டுகிறார். அங்கே ஐயம் நின்றுவிடுகிறது. அரங்கின் கணினியில் ஒலியட்டை இருக்குமா என்று இசையமைப்பவர் ஐயுறுவதில்லை, ஆகவே அது கோப்புறைக்குள் இடம்பெற வேண்டியதில்லை. ஆனால் அங்கே மேக்ஸ்லிப் இருக்குமா என்ற ஐயம் உயிருள்ளது. அது அவரைக் கச்சேரிக்கு முந்திய நாள் தூங்கவிடாது. அந்த ஐயத்தைச் சோதிக்க ப்யூர் டேட்டா ஒரு வழி வைத்திருக்கிறது: விருப்பத்தேர்வுகள் எதையும் படிக்காமல் நிரலைத் தொடங்கும் தேர்வு. அவ்வாறு தொடங்கி, வேறு பேட்ச் எதையும் முன்பே திறக்காமல், திட்டத்தின் முதன்மைப் பேட்சை மட்டும் திறந்தால், உடையவரின் பழக்கங்கள் விலகியபின் பேட்ச் தானாக அறிந்திருப்பது எவ்வளவு என்பது விளிம்புகளில் தெரிந்துவிடும். நூலகங்கள் டெக்கன் வழக்கமாக நிறுவும் இடமான, ஆவணக் கோப்புறைக்குள் உள்ள எக்ஸ்டர்னல்ஸ் என்னும் பொதுக் கோப்புறையில் கிடந்தால், அந்த இடம் மட்டும் இச்சோதனையைத் தப்பித்துச் சென்றுவிடக்கூடும். அதனைத் தற்காலிகமாகப் பெயர் மாற்றிவைத்துவிட்டுச் சோதிப்பது நல்லது.